சிங்கப்பூரில் இரவு நேரத்தில் வெளியே செல்வது எப்படி: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூருக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து சில வாரங்களே ஆன ஒருவர், முதல் சம்பளம் கைக்கு வந்த வெள்ளிக்கிழமை மாலையில் நண்பர்களோடு ஆற்றங்கரைப் பக்கம் போய்வரலாம் என்று நினைப்பது இயல்பானது. இந்த ஊர் அதற்கு ஏற்ற ஊர். இரவில் நடப்பதற்குப் பாதுகாப்பானது, வெளிச்சமானது, ஒரு பேட்டையிலிருந்து இன்னொரு பேட்டைக்கு எளிதாகச் செல்லக்கூடியது. ஆனால் இங்குள்ள விதிகளும் விலைகளும் தமிழ்நாட்டில் பழகியவற்றிலிருந்து பெரிதும் மாறுபட்டவை. அவற்றை அறியாமல் போன முதல் இரவிலேயே பாதிச் சம்பளத்தை இழந்தவர்களையும், அதைவிட மோசமாக, வேலை அனுமதியையே இழக்கும் நிலைக்கு வந்தவர்களையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். மாலையை அதன் முடிவிலிருந்து பின்னோக்கித் திட்டமிட வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. எங்கே குடிப்பது என்பதற்கு முன்னால் எப்படி வீடு திரும்புவது என்பது முடிவாகியிருக்க வேண்டும்.

முதலில் திரும்பும் வழி

பெருவிரைவு ரயில்கள் (எம்ஆர்டி) இரவு முழுவதும் ஓடுவதில்லை. கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். ஒவ்வொரு நிலையத்திலும் ஒவ்வொரு திசைக்கும் கடைசி ரயிலின் நேரம் எழுதி ஒட்டப்பட்டிருக்கும். நீங்கள் இறங்கும் நிலையத்திலேயே அந்தப் பலகையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்திற்கு மாறிச் செல்ல வேண்டியவர்கள், முதல் ரயிலைப் பிடித்தால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. மாறும் நிலையத்தில் இரண்டாவது ரயில் போயிருந்தால் நடுவழியில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

ரயிலைத் தவறவிட்டால் டாக்சிதான். நள்ளிரவு 12 மணி முதல் காலை 6 மணி வரை டாக்சி மீட்டர் கட்டணத்தோடு 50 விழுக்காடு கூடுதலாகச் சேரும். செயலி வழியாக அழைக்கும் கார்களின் கட்டணம் கூட்டத்தைப் பொறுத்து ஏறும். வெள்ளி, சனி இரவுகளில் மதுக்கூடங்கள் மூடும் நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் அழைப்பதால், ஜூரோங், உட்லண்ட்ஸ், துவாஸ் போன்ற தொலைவான இடங்களில் தங்கியிருப்பவர்களுக்கு வீடு திரும்பும் செலவு குடித்த செலவையே எட்டிவிடும். ஆகவே ஒன்று, 11 மணிக்கு எழுந்து நிலையத்தை நோக்கி நடப்பது. இல்லையென்றால் ஒரே திசையில் வசிக்கும் மூன்று நான்கு பேர் சேர்ந்து போய் ஒரே காரில் திரும்புவது. இதை மாலை தொடங்கும்போதே பேசி முடித்துவிடுங்கள்.

சொந்தமாகவோ நிறுவனத்தின் பெயரிலோ வண்டி ஓட்டுபவர்கள் அன்று வண்டியைத் தொடவே கூடாது. மூச்சுக்காற்றில் 100 மில்லிலிட்டருக்கு 35 மைக்ரோகிராம், ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராம் என்பவை சட்டத்தின் வரம்புகள். அதை மீறி ஓட்டிப் பிடிபட்டால் அபராதம், சிறை, உரிமம் பறிப்பு ஆகியவை காத்திருக்கின்றன. முதல் குற்றத்துக்கே 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே வெள்ளி என்பார்கள்) வரை அபராதம் விதிக்க இடமுண்டு. இரண்டு கோப்பைதானே என்று கணக்குப் போடுவதில் பொருளில்லை. உடல் எடை, உணவு, உறக்கம் எல்லாம் சேர்ந்துதான் அந்த அளவைத் தீர்மானிக்கின்றன.

இரவு பத்தரை மணி விதி

இது புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம். 2015 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடங்களில் மது அருந்தக் கூடாது. அதே நேரத்தில் கடைகள் எடுத்துச்செல்லும் மதுவை விற்கவும் கூடாது. பத்தரைக்குப் பின் பேரங்காடியில் பீர் அடுக்கு மூடப்பட்டிருந்தால், காசாளரிடம் வாதாடிப் பயனில்லை. பொது இடம் என்பது பூங்கா, கடற்கரை, பாலம், சாலையோர நடைபாதை, அடுக்குமாடிக் கட்டடங்களின் திறந்த கீழ்த்தளம் எல்லாவற்றையும் குறிக்கும். ஆற்றங்கரைப் பேட்டையான கிளார்க் கீயில் உள்ள ரீட் பாலத்தில் முன்பெல்லாம் இளைஞர்கள் கூட்டமாக உட்கார்ந்து பாட்டிலும் கையுமாக இருப்பது வழக்கம். இன்று அதே பாலத்தில் பத்தரைக்குப் பின் அப்படி உட்கார்ந்தால் 1,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். உரிமம் பெற்ற மதுக்கூடத்துக்குள்ளும், அதன் உரிமத்துக்கு உட்பட்ட வெளிமேசைகளிலும் அந்த உரிமம் அனுமதிக்கும் நேரம்வரை அருந்தலாம். ஆனால் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கக் கூடாது.

லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் தனிக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள். அங்கே சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கட்கிழமை காலை 7 மணி வரை பொது இடத்தில் ஒரு துளிகூட அருந்தக் கூடாது. பொது விடுமுறைகளுக்கும் அவற்றின் முந்தைய நாள் மாலைக்கும் இதே விதிதான். அங்கு தண்டனையும் மற்ற இடங்களைவிடக் கடுமையானது. இதன் பின்னணியை நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 2013 டிசம்பர் 8 ஞாயிற்றுக்கிழமை இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் தனியார் பேருந்தின் அடியில் சிக்கி இறந்ததை அடுத்துக் கலவரம் மூண்டது. அதன் விசாரணையில் மதுவும் ஒரு காரணமாகச் சுட்டப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை தேக்கா எனப்படும் லிட்டில் இந்தியாவில் ஊர்க்காரர்களைச் சந்தித்து, புல்தரையில் உட்கார்ந்து பேசுவதில் எந்தத் தடையும் இல்லை. கையில் மது மட்டும் இருக்கக் கூடாது. உணவகத்துக்குள் அமர்ந்து அருந்துங்கள். தொழிலாளர் விடுதியில் தங்கியிருப்பவர்கள் அங்குள்ள தனி விதிகளை விடுதி அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வயது, அட்டை, உடை

மது அருந்தும் வயது 18. இளமையான முகம் உடையவர்களிடம் வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள். பிறந்த தேதியும் படமும் உள்ள அட்டை போதும். கடவுச்சீட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்து தொலைத்துவிடாதீர்கள். சில நடன விடுதிகள் தாங்களாகவே கூடுதலான வயது வரம்பு வைத்திருக்கும். மாடிமேல் மதுக்கூடங்களிலும் நடன விடுதிகளிலும் ஆண்கள் அரைக்கால்சட்டை, ரப்பர் செருப்பு, கையில்லாச் சட்டை ஆகியவற்றோடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காலணி, முழுக்கால்சட்டை, காலர் வைத்த சட்டை இருந்தால் எங்கும் போகலாம். மின்சிகரெட் இந்நாட்டில் வைத்திருப்பதே குற்றம் என்பதால், யாராவது ஒரு இழுப்பு இழுத்துப் பார் என்று நீட்டினாலும் வாங்காதீர்கள். சாதாரண சிகரெட்டுக்கும் வயது வரம்பு 21 ஆகும்; தடைசெய்யப்பட்ட இடங்களில் புகைக்கக் கூடாது.

எந்தப் பேட்டைக்கு எதற்காகப் போவது

ஆற்றங்கரையில் மூன்று துறைகள் அடுத்தடுத்து உள்ளன. கடலுக்கு நெருக்கமாக இருப்பது போட் கீ. அதற்கு மேலே கிளார்க் கீ. இன்னும் மேலே ராபர்ட்சன் கீ. போட் கீ அலுவலகக் கூட்டத்தின் இடம். ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையத்திலிருந்து சில நிமிட நடைதான். ஒரு காலத்தில் சரக்குப் படகுகள் அடைத்துக்கொண்டு நின்ற ஆறு இது. 1977 முதல் 1987 வரை நடந்த தூய்மைப்பணியின்போது, 1983இல் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்டன. கிட்டங்கிகளாக இருந்த கடைவீடுகள் பின்னர் உணவகங்களும் மதுக்கூடங்களும் ஆயின. இந்த ஆற்றில் தொடக்கக் காலத்தில் படகு வலித்தவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். அருகிலுள்ள சூலியா தெரு இன்றும் அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கிறது. சற்றுத் தள்ளி மார்க்கெட் தெருவில் செட்டியார்கள் கடன் கொடுக்கும் தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்தன. இதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கரையில் நடப்பது எனக்கு எப்போதும் தனி உணர்வைத் தரும். போட் கீயில் ஓர் எச்சரிக்கை: வாசலில் நின்று அழைப்பவர்களின் பின்னால் போய் உட்காரும் முன் விலைப்பட்டியலை வாங்கிப் பாருங்கள். எடைக்கு விற்கும் மீனையும் நண்டையும் மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்காமல் கொண்டுவரச் சொல்லாதீர்கள்.

கிளார்க் கீ இசைக்கும் நடனத்துக்கும் உரிய இடம். 1991இல் ஜியாக் கிம் தெருவின் பழைய கிட்டங்கிகளில் தொடங்கி உலகெங்கும் பெயர் பெற்ற ஜூக் நடன விடுதி 2016இன் இறுதியில் இங்கே இடம்பெயர்ந்தது. பதினொரு மணிக்கு மேல்தான் இத்தகைய விடுதிகள் சூடுபிடிக்கும் என்பதால், கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு இது ஒத்துவராது. ராபர்ட்சன் கீ அமைதியானது. பேசிக்கொண்டே சாப்பிட விரும்பும் தம்பதியருக்கும் சிறு குழுக்களுக்கும் நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

மரீனா பேயின் உயர்மாடி மதுக்கூடங்களுக்கு மக்கள் காட்சிக்காகப் போகிறார்கள். மரீனா பே சேண்ட்ஸின் 57ஆம் தளத்திலிருந்தும், நிதி மையக் கோபுரத்தின் 33ஆம் தளத்தில் தானே பீர் வடிக்கும் லெவல்33இலிருந்தும் விரிகுடா முழுவதும் தெரியும். ஒரு கோப்பையை வாங்கிக்கொண்டு ஒரு மணிநேரம் உட்கார்ந்து பார்ப்பதற்கு ஏற்ற இடங்கள் இவை. இரவு முழுவதும் குடிப்பதற்கானவை அல்ல. ராஃபிள்ஸ் ஹோட்டலின் லாங் பாரில் நியாம் தோங் பூன் என்ற பரிமாறுநர் உருவாக்கியதாகச் சொல்லப்படும் சிங்கப்பூர் ஸ்லிங் இன்றும் கிடைக்கிறது. குப்பை போட்டால் அபராதம் விதிக்கும் ஊரில், அங்கே மட்டும் வேர்க்கடலைத் தோலைத் தரையிலேயே போடலாம். ஊரிலிருந்து வரும் உறவினரை ஒருமுறை அழைத்துச் செல்லத் தகுந்த இடம். புகிஸ் அருகே பார்க்வியூ ஸ்கொயரில் உள்ள அட்லஸ், ஜின் பாட்டில்களைக் கோபுரம்போல் அடுக்கிய பெருங்கூடம். முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது. கிளப் தெரு, ஆன் சியாங் மேடு, கியோங் சைக் சாலை ஆகியவற்றின் பழைய கடைவீடுகளில் சிறு சிறு மதுக்கூடங்கள் நிறைந்துள்ளன. ஹாஜி சந்து சுல்தான் பள்ளிவாசலுக்கு அருகில் இருப்பதால், அங்கே பல கடைகளில் மது இருக்காது. அந்த மரியாதையை நாமும் காக்க வேண்டும். செந்தோசாவின் கடற்கரை மன்றங்கள் இரவைவிடப் பிற்பகலுக்கே பொருத்தமானவை.

ஆனால் சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கும் ஒருவருக்கு இந்த ஊர் தரும் மிகச் சிறந்த மாலை, பல உணவுக்கடைகள் ஒரே கூரையின்கீழ் இயங்கும் காப்பிக்கடையிலும் உணவங்காடி நிலையத்திலும்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. 1932 முதல் வடிக்கப்படும் டைகர் பீரின் 633 மில்லிலிட்டர் பெரிய பாட்டிலை ஐஸ் கட்டியுடன் மேசைக்குக் கொண்டுவந்து தருவார்கள். நண்பர்கள் சிறு கோப்பைகளில் பகிர்ந்துகொள்வார்கள். அடுத்த கடையிலிருந்து சாத்தேயும் (குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி) முர்த்தபாவும் (இறைச்சி அடைத்த பரோட்டா) வரும். சேவைக் கட்டணம் இல்லை, உடை விதி இல்லை. 1894இல் வார்ப்பிரும்பால் எண்கோணமாகக் கட்டப்பட்ட லாவ் பா சாட் சந்தையை ஒட்டிய பூன் டாட் தெரு, மாலை ஏழு மணிக்குப் பின் வண்டிகள் நிறுத்தப்பட்டுச் சாத்தேக் கடைகளால் நிறைவதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

விலையைப் படிக்கும் முறை

மது இங்கே ஏன் இவ்வளவு விலை என்று எல்லோரும் கேட்பார்கள். முக்கியக் காரணம் தீர்வை. விஸ்கி, ஒயின் போன்றவற்றுக்கு அவற்றிலுள்ள தூய ஆல்கஹாலின் ஒவ்வொரு லிட்டருக்கும் 88 வெள்ளியும், பீருக்கு 60 வெள்ளியும் தீர்வை உண்டு. 40 விழுக்காடு வீரியமுள்ள 700 மில்லிலிட்டர் விஸ்கி பாட்டிலில் தூய ஆல்கஹால் 280 மில்லிலிட்டர். ஆகவே அதன் தீர்வை மட்டும் 24 வெள்ளி 64 காசு. கடை வாடகையும் ஊழியர் சம்பளமும் அதற்கு மேல் வருகின்றன. விமான நிலையத்தில் தீர்வையின்றி வாங்கலாம் என்று எண்ணுபவர்கள் கவனிக்க: நாட்டுக்கு வெளியே குறைந்தது 48 மணிநேரம் இருந்திருக்க வேண்டும். மலேசியாவிலிருந்து வந்தால் அந்தச் சலுகை அறவே கிடையாது. ஜொகூர் பாருவில் வாங்கிய பாட்டிலைப் பையில் ஒளித்துவைத்துச் சோதனைச்சாவடியில் பிடிபடாதீர்கள்.

மதுக்கூட விலைப்பட்டியலில் எண்ணுக்குப் பின் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கும். முதலாவது 10 விழுக்காடு சேவைக் கட்டணம். இரண்டாவது 9 விழுக்காடு பொருள் சேவை வரி. வரியானது சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகைமேல் கணக்கிடப்படுவதால், 16 வெள்ளி என்று எழுதப்பட்ட பீருக்கு நீங்கள் தருவது 19 வெள்ளி 18 காசு. நூறு வெள்ளி என்று நினைத்து உட்கார்ந்த மேசை 119 வெள்ளி 90 காசில் முடியும். விலைப்பட்டியலைப் பார்க்கும்போதே ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளப் பழகுங்கள். சேவைக் கட்டணம் வாங்கிவிடுவதால் தனியாக அன்பளிப்புத் தர வேண்டியதில்லை. தராவிட்டால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

ஹாப்பி ஹவர் எனப்படும் சலுகை நேரம் பெரும்பாலான இடங்களில் மாலை எட்டு மணியோடு முடியும். ஒன்றுக்கு ஒன்று என்று எழுதியிருந்தால் இரண்டு கோப்பைகளையும் ஒரே சமயத்தில் தருவார்களா, இருவர் பகிர்ந்துகொள்ளலாமா என்று முதலிலேயே கேளுங்கள். புதன்கிழமைகளில் பல விடுதிகளில் பெண்களுக்கு நுழைவோ சில கோப்பைகளோ இலவசம். நடன விடுதிகளின் நுழைவுக் கட்டணத்தில் ஒன்றிரண்டு கோப்பைகள் அடங்கியிருக்கலாம் என்பதால் அந்தச் சீட்டைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். முழு பாட்டில் வாங்கி மீதியை மதுக்கூடத்திலேயே பெயர் எழுதி வைத்துவிட்டு வரும் வழக்கமும் உண்டு. அப்போது எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று கேட்டு, அதற்கான அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டமாகப் போனால் ஒருவர் பணத்தைச் செலுத்த, மற்றவர்கள் அன்றிரவே கைப்பேசியில் பணம் அனுப்பும் பேநவ் வழியாக அவருக்கு அனுப்பிவிடுவது இங்குள்ள நடைமுறை. நம்மவர்களிடையே நட்பு முறிவதற்கு இந்தப் பாக்கிகள் காரணமாக இருந்திருக்கின்றன.

மாலை போடும் மேடைகள்

தமிழ், இந்திப் பாடல்களை மேடையில் பாடி ஆடும் இந்திய இசை விடுதிகள் சில இருக்கின்றன. ஊர்ப்பாட்டைக் கேட்கும் ஆசையில் போவதில் குற்றமில்லை. அங்கே, மேடையிலிருப்பவருக்கு மாலை போடுமாறு ஊழியர்கள் உங்களைக் கேட்பார்கள். அந்த மாலைக்கு விலை உண்டு. அது சில பத்து வெள்ளியில் தொடங்கிப் பல நூறு வெள்ளி வரை போகும். மாலை திரும்ப எடுக்கப்பட்டு அடுத்தவருக்கு விற்கப்படும். உங்கள் பணம் திரும்பாது. அரையிருட்டில், பாட்டின் வேகத்தில், பக்கத்து மேசைக்காரர் போட்டுவிட்டார் என்ற ரோஷத்தில், கைகள் தாமாகவே பணப்பையைத் திறந்துவிடும். என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஒருவர் ஊருக்கு அனுப்ப வைத்திருந்த பணம் முழுவதையும் ஒரே இரவில் இப்படி இழந்தார். மறுநாள் அவர் தன் மனைவியின் அழைப்பை எடுக்க முடியாமல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை. போவதானால் செலவழிக்க முடிவுசெய்த தொகையை மட்டும் ரொக்கமாக எடுத்துச் செல்லுங்கள். வங்கி அட்டையை அறையிலேயே வைத்துவிடுங்கள்.

மேசையில் நடந்துகொள்வது

தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடையில் நின்றபடியே விரைவாகக் குடித்துவிட்டுக் கிளம்பப் பழகியவர்கள், இங்கே அந்த வேகத்தை விட்டுவிட வேண்டும். இங்கு மது சாப்பாட்டோடும் பேச்சோடும் மெதுவாக அருந்தப்படுகிறது. போவதற்கு முன் வயிறு நிறையச் சாப்பிடுங்கள்; ஒவ்வொரு கோப்பைக்கும் இடையில் ஒரு குவளைத் தண்ணீர் குடியுங்கள். இந்த ஊரின் ஈரப்பதத்தில் உடல் ஏற்கெனவே நீரை இழந்திருக்கும். குடிக்காதவர்கள் தயங்காமல் வரலாம். மதுவில்லாக் கலவைப் பானங்கள் எல்லா இடங்களிலும் உண்டு; எலுமிச்சைச் சாற்றோடு இரவு முழுவதும் உட்கார்ந்திருப்பவரை இங்கே யாரும் கேலி செய்வதில்லை. நம் கூட்டத்தில் யாராவது வற்புறுத்தினால் அதை நிறுத்த வேண்டியது மற்றவர்களின் கடமை.

பெண்கள் தனியாகவும் குழுவாகவும் இரவில் அச்சமின்றி நடமாடும் ஊர் இது. அந்த நிலை சட்டத்தின் கண்டிப்பால் காக்கப்படுகிறது. முன்பின் அறியாத பெண்ணைத் தொடுவது சிறை, பிரம்படி வரை செல்லக்கூடிய குற்றம். நடனக் கூட்டத்தில் தெரியாமல் பட்டுவிட்டது என்ற விளக்கம் கண்காணிப்புக் கேமராவின் முன் நிற்காது. அனுமதியின்றிப் படமெடுக்காதீர்கள், முறைத்துப் பார்க்காதீர்கள், ஒருமுறை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் விலகிவிடுங்கள். போதைப்பொருள் சட்டம் எவ்வளவு கடுமையானது என்பது எல்லோரும் அறிந்ததே. அறிமுகமில்லாதவரின் பையைச் சற்று நேரம் வைத்திருப்பதற்குக்கூட ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கோப்பையை மேசையில் விட்டுவிட்டுக் கழிவறைக்குப் போக நேர்ந்தால், திரும்பி வந்து வேறு கோப்பை வாங்கிக்கொள்ளுங்கள்.

சண்டை மூளும் அறிகுறி தெரிந்தால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், பணத்தைச் செலுத்திவிட்டு வெளியேறுங்கள். வெளிநாட்டவர் ஒருவர் குற்றவாளியென்று தீர்ப்பானால் தண்டனையோடு வேலை அனுமதியும் ரத்தாகலாம். மீண்டும் இந்நாட்டுக்குள் வரவே முடியாமல் போகலாம். காவல்துறைக்கு 999, ஆம்புலன்ஸுக்கு 995. நினைவிழந்து கிடக்கும் நண்பரை மல்லாக்கப் படுக்க வைக்காமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து, 995ஐ அழைத்துவிட்டு, ஆள் வரும்வரை அருகிலேயே இருங்கள். போலீஸ் வருமோ என்ற பயத்தில் அவரை அறைக்குத் தூக்கிச் சென்று தனியே உறங்க விடுவதுதான் உயிருக்கு ஆபத்து.

முதல் முறைக்கு ஒரு பாதை

இவ்வளவையும் படித்துவிட்டு எங்கே தொடங்குவது என்று தயங்குபவர்களுக்கு, நான் புதியவர்களை அழைத்துச் செல்லும் பாதையைச் சொல்கிறேன். ஒரு வேலைநாள் மாலை ஆறரை மணிக்கு ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையத்தில் இறங்கி, போட் கீயில் சலுகை நேரத்தில் ஆளுக்கு ஒரு கோப்பை மட்டும் வாங்கி, ஆற்றில் விளக்குகள் ஏறுவதைப் பாருங்கள். ஏழரைக்கு எழுந்து லாவ் பா சாட்டுக்கு நடந்து, சாத்தேயும் சோறும் வயிறாரச் சாப்பிட்டு, மூவருக்கு ஒரு பெரிய பாட்டில் பீரைப் பகிர்ந்துகொள்ளுங்கள். பின் ஆற்றங்கரைக்குத் திரும்பி, நீரோட்டத்துக்கு எதிராக எல்ஜின் பாலத்தைக் கடந்து கிளார்க் கீ வரை மெதுவாக நடங்கள். அங்கே ரீட் பாலத்தில் நின்றால் இரு கரைகளின் இசையும் காற்றில் கலந்து வரும். அதைக் கேட்கப் பணம் தர வேண்டியதில்லை. பத்தரை ஆவதற்குள் பாலத்தின் தென்கரையிலுள்ள கிளார்க் கீ நிலையத்துக்குள் போய்விடுங்கள். அங்கிருந்து வடகிழக்குத் தடத்தில் இரண்டாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. பசித்தால் இறங்கி ஒரு தோசை சாப்பிட்டுவிட்டு அடுத்த ரயிலில் ஏறவும் நேரம் இருக்கும்.